ஓடினால் மட்டும் போதுமா?

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு



மாட்டுக் கொட்டகை மூலையிலும் மரவாடியின் பின்பக்கத்திலும் துருப்பிடித்துக் கிடக்கும் பெரிய மரம் அறுக்கும் மெஷின்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செயின் சா என்கிறோமே, அதுதான். "எடைக்குப் போட்டா என்ன கெடைக்கும்?" என்பதைத் தவிர அதைப் பற்றி யாரும் வேறு கேள்வி கேட்பதில்லை. அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்பாமல், டிப்ளமோ படிக்கும் நாம் கையில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதே சமயம், ஓட வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. இந்த இரண்டையும் சொல்லத்தான் இக்கட்டுரை.

என் அப்பா மரம் அறுக்கும் தொழிலாளி. எங்கள் வீட்டில் கிடந்தது ஸ்டில் 070 என்ற பழைய மாடல். போர் 58 மி.மீ., ஸ்ட்ரோக் 40 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 106 சி.சி. வரும். நாம் தினமும் பார்க்கிற ஸ்ப்ளெண்டர் பைக்கே 97 சி.சி.தான். ஒரு பைக் எஞ்சினைக் கையில் தூக்கிக்கொண்டு மரம் அறுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்! 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது எனக்கு விவரம் தெரிந்த வயசு. ரோட்டுக்குக் குறுக்கே விழுந்த புளிய மரங்களையும் தூங்குமூஞ்சி மரங்களையும் இந்த மெஷினை வைத்துத்தான் அப்பா அறுத்துத் தள்ளினார். சின்ன மெஷினின் பார் அந்த அடிமரத்தில் பாதிகூட எட்டாது. ராப்பகலாக ஓடிய மெஷின் அடுத்த வருஷம் ஒருநாள் நின்றது. நின்றது நின்றதுதான்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினை நாம் எல்லோரும் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எனக்கு அந்த மெஷினைப் பிரித்தபோதுதான் உறைத்தது. இதில் தனியாக எஞ்சின் ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றுகிற ஆயில்தான் கிராங்கையும் பிஸ்டனையும் காப்பாற்றுகிறது. மிதவை வைத்த கார்புரேட்டராக இருந்தால் மெஷினைச் சாய்த்ததும் நின்றுவிடும். அதனால்தான் டயாஃப்ரம் கார்புரேட்டர். செயினின் பல்லிலும் ஒரு கதை இருக்கிறது. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர், மரத்தைக் குடைந்து தின்னும் ஒரு வண்டுப் புழுவின் இரண்டு தாடைகளும் இடமும் வலமுமாக வேலை செய்வதைக் கவனித்தார். அதைப் பார்த்து அவர் செய்த வளைந்த பல்தான் இன்றைய செயின்களுக்கு முன்னோடி. அவர் அதைக் கற்றது காட்டில், வேலை செய்த இடத்தில்!

நானும் நண்பர்கள் மூன்று பேரும் ஆசிரியர் அனுமதியோடு மெஷினை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்தோம். பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக டீசல் ஊற்றி இரண்டு நாள் ஊற விட்டோம். சுத்தியலைத் தொடவில்லை. ஃப்ளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தபோது விட்டுக் கொடுத்தது. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால், எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டனில் நெடுக்காகக் கோடு கோடாகக் கீறல்.

இங்கேதான் நாங்கள் ஏமாறப் பார்த்தோம். "புது பிஸ்டன் போட்டா சரியாயிடும்டா" என்று கிளம்பிவிட்டோம். எங்கள் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் தேஞ்சுது?" திறப்புகளையெல்லாம் ரப்பர் வைத்து அடைத்து, லேசாகக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவினோம். கிராங்க் ஆயில் சீல் ஓரத்தில் நுரை கிளம்பியது! சீல் காய்ந்து அந்த வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. கலவையில் பெட்ரோல் குறைய, கூடவே ஆயிலும் குறைய, சூடேறிப் பிஸ்டன் பிடித்திருக்கிறது. சீலை மாற்றாமல் பிஸ்டனை மட்டும் மாற்றியிருந்தால் புதுப் பிஸ்டனும் அதே வழியில்தான் போயிருக்கும்.

ஒரு கடைக்காரர், "தம்பி, இதுக்கெல்லாம் பார்ட்ஸ் கெடைக்காது, எடைக்குப் போட்டுரு" என்றார். அது சரியில்லை. இந்த மாடலைப் பார்த்துச் செய்த நகல் மெஷின்கள் நிறைய ஓடுவதால் சீல், ரிங், டயாஃப்ரம் எல்லாம் கிடைத்தன. பெட்ரோல் குழாயும் மாற்றினோம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்து வைக்க வேண்டும். மாக்னெட்டோ பாயிண்ட்டைச் சுத்தம் செய்து, இடைவெளி வைத்து, கயிற்றை இழுத்தோம். ஏழாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு சிவில் பிளாக்கிலிருந்து பசங்கள் ஓடி வந்தார்கள்!

"மரத்தை வெட்டுற மெஷினுக்கு உயிர் கொடுக்கிறது நல்ல காரியமா?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் புயலில் சாய்ந்த மரத்தையும் பட்டுப்போன மரத்தையும் யாராவது அறுத்துத்தானே ஆகவேண்டும்? எனக்குப் பயம் மரத்தைப் பற்றி அல்ல. மெஷினைப் பிடிக்கிற கையைப் பற்றி.

அப்பாவுக்குக் காலையில் விரல் நுனி வெளுத்து மரத்துப் போகும். சட்டைப் பித்தானைப் போட அம்மாதான் வர வேண்டும். வருஷக்கணக்காக அதிர்வு ஏறியதால் வரும் நோய் அது. 1960களிலேயே ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் மரம் அறுக்கும் தொழிலாளர்களிடம் இதைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகுதான் அதிர்வைத் தாங்கும் கைப்பிடிகள் பரவின. 1970களில் செயின் பிரேக் வந்தது. எங்கள் மெஷினில் இரண்டுமே இல்லை. பார் முனை மரத்தில் இடித்து மெஷின் முகத்தை நோக்கி எகிறினால், செயினை நிறுத்த எதுவும் கிடையாது.

மெஷின் ஓடுவதைப் பார்த்ததும் அப்பா வாடகைக்கு விடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். "கை மரத்துப் போனது மெஷினால இல்லடா, வயித்தால" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. என்னைப் படிக்க வைத்ததும் அந்தக் கைதான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். நிற்கிற மரத்துக்கு அந்த மெஷின் போகாது. தரையில் கிடக்கும் பெரிய அடிமரத்துக்கு மட்டும், ஆள் மாற்றி மாற்றி. அதில் அவருக்கு முழுத் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் ஒரு மேஜையைப் பழைய மெஷின்களுக்கு ஒதுக்குங்கள். மெஷினுக்கு ஒரு நோட்டு போடுவோம். எதனால் கெட்டது, எதை மாற்றினோம், அதில் என்ன பாதுகாப்பு இல்லை என்று மூன்றையும் எழுதுவோம். கடைசி வரியை ஒரு தகட்டில் பொறித்து மெஷினிலேயே மாட்டுவோம். வாங்கிப் போகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் கயிற்றை இழுக்க வேண்டும். அவர் படிக்காதவராக இருந்தால், நாம் படித்துச் சொல்ல வேண்டும். நாம் படித்தது அதற்கும் சேர்த்துத்தானே?