‘ஃபார்மட்’ மட்டும்தான் மருந்தா?



நம் கம்ப்யூட்டர் லேபில் அதிகமாகக் கேட்கும் வாக்கியம் எது? “மாப்ளே, இது சரிப்படாது, ஃபார்மட் போட்டுரு!” இந்தப் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 11-க்கோ லினக்ஸுக்கோ மாறுகின்றன. ஆனால் பழைய பயிற்சிக் கருவிகள் அப்படியேதான் இருக்கின்றன. சிலவற்றின் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். அதற்காகவே விர்ச்சுவல்பாக்ஸில் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை வைத்துக்கொள்கிறோம். அப்கிரேட் முடிந்த மறுநாள் யு.எஸ்.பி.யில் போர்டைச் செருகினால், உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்குக் கண் தெரிவதில்லை!

உடனே லேபில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு ஃபார்மட், மறு கட்சிக்கு “இனிமே அப்கிரேடே பண்ணாதே.” இரண்டுமே தப்பு. விர்ச்சுவல் மெஷின் என்பது ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் ஒரு கோப்புதான். ஃபார்மட் போட்டால் அதற்குள் இருக்கும் நம் ஃபைனல் இயர் ப்ராஜெக்டும் சேர்ந்து போகும். அப்கிரேடே வேண்டாம் என்றால் ஓட்டைகளை அடைக்க ஆளில்லாமல் கம்ப்யூட்டர் கிடக்கும்.

தீப்பெட்டி ஊர்க்காரர்கள் நாம். குச்சி பற்றவில்லை என்றால் பெட்டியையே தூக்கி எறிகிறோமா? குச்சி நமத்திருக்கிறதா, உரசும் பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? இங்கேயும் அதே புத்திதான் வேண்டும். போர்டு நான்கு கைகளைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. எந்தக் கையில் நின்றது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் கை, வெளியே ஓடும் சிஸ்டம். அதற்கே போர்டு தெரியவில்லை என்றால் உள்ளே தேடி என்ன பயன்? 2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 வந்தபோது நடந்ததைக் கேளுங்கள். விலை மலிவான போர்டுகளில் இருக்கும் சி.எச்.340 சிப்பின் அடையாள எண் 1ஏ86:7523. பார்வையற்றோருக்கான ஒரு பிரெய்ல் கருவிக்கும் அதே எண். ‘பி.ஆர்.எல்.டி.டி.ஒய்’ என்ற பிரெய்ல் மென்பொருள், “இது நம்ம ஆளு” என்று பஸ் சீட்டில் துண்டு போட்ட மாதிரி போர்டைப் பிடித்துக்கொண்டது. பலரும் போர்டு செத்துவிட்டது என்றே நினைத்தார்கள். போர்டில் ஒரு குறையும் இல்லை! அந்த மென்பொருளை நீக்கினால் சரியாகிவிடும். ஆனால் அந்த கம்ப்யூட்டரில் பிரெய்ல் தேவைப்படும் நண்பர் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகே நீக்க வேண்டும்.

இரண்டாவது கை, அனுமதி. லினக்ஸில் நம் பயனர் பெயர் ‘வி பாக்ஸ் யூசர்ஸ்’ குழுவில் இருக்க வேண்டும். சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டால் அந்தப் பட்டியலில் நம் பெயர் இருக்காது. வேடிக்கையைப் பாருங்கள், ஃபார்மட்டே நோயை உண்டாக்குகிறது!

மூன்றாவது கை, விர்ச்சுவல்பாக்ஸ். 2022-ல் வந்த 7.0-க்கு முந்தைய பதிப்புகளில் யு.எஸ்.பி. 2.0, 3.0 இரண்டுக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் தனியாக வேண்டும். அதன் பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். ஃபில்டரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆர்டுயினோ லியோனார்டோ சாதாரணமாக 2341:8036 என்று நிற்கும். ப்ரோகிராம் ஏற்றும்போது 2341:0036 ஆகிவிடும். இரண்டு எண்ணுக்கும் ஃபில்டர் வைக்காவிட்டால் பாதி வழியில் கை நழுவும்.

நான்காவது கை, உள்ளே இருக்கும் சிஸ்டம். எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7-லும் யு.எஸ்.பி. 3.0-க்கான டிரைவர் கூடவே வருவதில்லை. செட்டிங்கில் 3.0 என்று இருந்தால் 2.0 ஆக்கிப் பாருங்கள். பிறகு போர்டுக்குரிய டிரைவரையும் உள்ளேயே போட வேண்டும்.

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு லேபிலும் ஒரு நோட்டு வையுங்கள். சிஸ்டத்தின் பதிப்பு, விர்ச்சுவல்பாக்ஸ் பதிப்பு, போர்டுகளின் எண்கள் எல்லாவற்றையும் எழுதுவோம். அப்கிரேடுக்கு முன் விர்ச்சுவல் மெஷினுக்கு நகல் எடுப்போம். முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை மாற்றி, எல்லா போர்டையும் செருகிப் பார்த்த பிறகு மற்றவற்றைத் தொடுவோம். இதற்குப் பைசா செலவில்லை.

வானம் பார்த்த கரிசல் பூமியிலிருந்து ஃபீஸ் கட்டிப் படிக்க வந்தவர்கள் நாம். நல்ல போர்டைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு வாங்க எத்தனை பேர் வீட்டில் வசதி இருக்கிறது? நாளை ஒரு நூற்பாலையிலோ தீப்பெட்டி ஆலையிலோ மெஷின் நின்றுபோனால், “ஃபார்மட் போட்டுரலாம் சார்” என்று சொல்ல முடியுமா? எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கத்தானே நமக்கு டிப்ளமா!

சிந்திப்போம் நண்பர்களே, செருகும் முன்னும் அழிக்கும் முன்னும்!