லொத்தர் மின்னஞ்சலும் நமது உபதேசமும்

2007ஆம் ஆண்டில் ஞாயிறு மலர் ஒன்றில் நான் எழுதிய கட்டுரையையிட்டு இன்றளவும் வெட்கப்படுகின்றேன். மின்னஞ்சலில் வரும் லொத்தர் மோசடி பற்றியது அது. தகவல்களில் பிழை இருக்கவில்லை. ஆனால் தலைப்பில் 'பேராசை' என்ற சொல்லை இட்டேன். கட்டுரை நெடுகிலும் ஏமாந்தவர்களை எள்ளி நகையாடினேன். செய்தி ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள்.

இரண்டு மாதங்கள் கழித்து, மாலை நேரமொன்றில், இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். மாணவர்களின் பெறுபேறுகளை அடுக்கி வைப்பதுபோல ஒழுங்காக அடுக்கிய கோப்பு ஒன்று அவர் கையில் இருந்தது. பிரித்தானிய தேசிய லொத்தரில் அவருடைய மின்னஞ்சல் முகவரிக்கு எட்டரை இலட்சம் பவுண் விழுந்திருப்பதாகக் கூறும் கடிதம், முத்திரை குத்திய சான்றிதழ், இலண்டன் சட்டத்தரணி என்று தன்னைச் சொல்லிக்கொண்டவரின் மடல்கள், கொழும்பிலுள்ள தனிநபர் கணக்கொன்றில் பணம் வைப்பிலிட்டதற்கான மூன்று பற்றுச்சீட்டுகள். முதலாவது கோப்புக் கட்டணம், இரண்டாவது காப்புறுதி, மூன்றாவது வரி. பணிக்கொடையில் பெரும்பகுதி போய்விட்டது.

முதலாவது பற்றுச்சீட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையிலேதான் எனது கட்டுரை வெளிவந்திருந்தது. "மாஸ்ரர், நீங்கள் அதை வாசிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"வாசிச்சனான் தம்பி. வாசிச்ச பிறகுதான் ஒருத்தரிட்டையும் சொல்லப் பயமாக் கிடந்தது. மிச்சக் காசையும் கட்டினா பரிசு வந்திடும், ஒருத்தருக்கும் தெரியாமல் முடிஞ்சிடும் எண்டு நினைச்சன்."

எச்சரிப்பதாக எண்ணி நான் எழுதியது அவருடைய வாயை அடைத்திருக்கின்றது. மோசடிக்காரன் தன் கடிதத்தில் 'இவ்விடயத்தை இரகசியமாக வைத்திருங்கள்' என்று எழுதியிருந்தான். அவனுடைய கட்டளையை நிறைவேற்றிக் கொடுத்தவன் நான்.

ஆகவே, இம்மோசடி பற்றி எழுதும்போதெல்லாம் 'பேராசை பெருநட்டம்' என்று தொடங்கும் நண்பர்களோடு எனக்குப் பிணக்கு உண்டு. இந்நாட்டில் தேசிய லொத்தர் சபை 1963இல் அமைக்கப்பட்டது. அன்று தொட்டு, சிறு தொகைக்கு ஒரு சீட்டு வாங்கினால் கோடீஸ்வரராகலாம் என்ற எண்ணத்தை அரசாங்கமே சந்திக்குச் சந்தி விற்று வருகின்றது. அந்தச் சீட்டை வாங்குபவரை எவரும் பேராசைக்காரர் என்பதில்லை. நாட்டின் அபிவிருத்திக்கு உதவுகிறார் என்கிறோம். அதே மனிதர், அதே நம்பிக்கையோடு ஒரு மின்னஞ்சலைத் திறந்தால் மட்டும் பேராசைக்காரராகி விடுகிறாரா?

படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்பதும் வெறும் பேச்சு. பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் இயங்கிய பாங்கோ நொரோயெஸ்தே என்ற வங்கி, 1995க்கும் 1998க்கும் இடையில் 242 மில்லியன் டொலரை இழந்தது. நைஜீரியத் தலைநகர் அபூஜாவில் விமான நிலையம் கட்டப்போவதாகச் சொல்லப்பட்ட கதையை நம்பி அதன் உயரதிகாரி ஒருவர் பணத்தை அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்படியொரு ஒப்பந்தம் இருக்கவேயில்லை. சூத்திரதாரி இமானுவேல் நுவூடே 2005இல் தண்டிக்கப்பட்டார். வங்கியாளரே கோடிகளைக் கொட்டிக் கொடுத்த இடத்தில் எங்கள் மாஸ்ரர் எம்மாத்திரம்?

'ஆங்கிலப் பிழைகளைக் கண்டு பிடியுங்கள்' என்ற புத்திமதியையும் அக்கட்டுரையில் வழங்கியிருந்தேன். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் கோர்மக் ஹேர்லி 2012இல் இதற்கு வேறொரு விளக்கம் தந்தார். கடிதம் நம்பமுடியாததாக இருப்பது மோசடிக்காரனுக்கு இலாபம் என்கிறார் அவர். சந்தேகிப்பவர்கள் அப்போதே விலகிவிடுவார்கள். பதில் எழுதுபவர்களோடு மட்டும் அவன் நேரத்தைச் செலவிட்டால் போதும். இன்றோ செயற்கை நுண்ணறிவின் துணையுடன் பிழையற்ற ஆங்கிலத்திலும், ஏன், தமிழிலும் சிங்களத்திலும்கூட இத்தகைய மடல்களை எழுதிவிடலாம். மின்னஞ்சலின் இடத்தை வாட்ஸ்அப்பும் குறுஞ்செய்தியும் பிடித்துக்கொண்டன. லொத்தர் சில வேளைகளில் சுங்கத்தில் தடுக்கப்பட்ட பரிசுப் பொதியாக வேடம் மாறி வருகின்றது. எழுத்துப் பிழையைத் தேடிக்கொண்டிருப்பவர் இப்போது ஏமாறவே செய்வார்.

மாஸ்ரரின் கோப்பைப் புரட்டியபோது எழுத்துப் பிழைகளை விட்டுவிட்டு வேறு மூன்றைப் பார்த்தேன். பிரித்தானிய லொத்தரில் சீட்டு வாங்காதவருக்குப் பரிசு விழ வழியில்லை. மின்னஞ்சல் முகவரிகளைக் குலுக்கிப் பரிசு கொடுக்கும் வழக்கம் அங்கே கிடையாது. லொத்தர் பரிசுக்குப் பிரித்தானியாவில் வரியும் இல்லை. எனவே மூன்றாவது பற்றுச்சீட்டில் அவர் கட்டியது உலகிலேயே இல்லாத ஒரு வரி. இனி, எட்டரை இலட்சம் பவுணைக் கையில் வைத்திருப்பவன் தன் கட்டணத்தை அதிலிருந்தே கழித்துக்கொள்ளாமல், ஓய்வூதியக்காரரிடம் முற்பணம் கேட்பதேன்? இக்கேள்வியைக் கேட்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்து கேட்க ஒருவர் வேண்டும். சிரிக்காத ஒருவர்.

எல்லோரும் வசதியாக மறந்துவிடும் இன்னொரு சங்கதியும் உண்டு. மாஸ்ரர் பணம் கட்டியது நைஜீரியாவில் அல்ல, கொழும்பில். அக்கணக்குக்கு ஓர் உரிமையாளர் இருந்தார். அவருடைய தேசிய அடையாள அட்டை இலக்கம் வங்கியிடம் இருந்தது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம், வாடிக்கையாளரை இனங்காண்பதையும் சந்தேகத்துக்கிடமான கொடுக்கல் வாங்கல்களை அறிவிப்பதையும் வங்கிகளின் கடமையாக்கியிருக்கின்றது. நானும் மாஸ்ரரும் அந்த வங்கிக் கிளைக்குப் போனோம். "அவரே விரும்பிக் கட்டிய பணம்தானே" என்றார் முகாமையாளர். முறைப்பாடு எழுதச் சென்ற இடத்தில் உத்தியோகத்தர் கேட்ட முதற் கேள்வி, "இந்த வயதில் ஏன் ஐயா இந்த ஆசை?" கணக்கு யாருடையது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. பேராசை என்ற சொல் அங்கேயும் அதிகாரிகளின் வேலையைக் குறைத்துக் கொடுத்தது.

வெளிநாடுகளில் இந்தச் சாக்கு எப்போதும் செல்லுபடியாவதில்லை. மோசடிக்காரர்கள் தனது சேவையைப் பயன்படுத்துவதைத் தடுக்கத் தவறியதற்காக வெஸ்டேர்ன் யூனியன் நிறுவனம் 586 மில்லியன் டொலர் செலுத்த 2017இல் அமெரிக்காவில் உடன்பட்டது. அப்பணம் ஏமாந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவென ஒதுக்கப்பட்டது. அவர்களில் யார் பேராசைக்காரர் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

இன்றும் பணம் கட்டியவர்கள் முதலில் தொலைபேசவேண்டியது தமது வங்கிக்குத்தான். பணம் மறு கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்கு முன் சில மணி நேரமே இருக்கும். மடல்களையும் பற்றுச்சீட்டுகளையும் அழிக்காமல் பொலிஸில் எழுத்து மூலம் முறைப்பாடு செய்யுங்கள். முறைப்பாட்டில் கணக்கு இலக்கத்தைக் குறிப்பிட மறவாதீர்கள். கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும், முறைப்பாட்டின் பிரதியை வாங்காமல் திரும்பாதீர்கள்.

மாஸ்ரரின் பணம் கிடைக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ மூன்று மாதங்களின் பின்னர் அவருக்கு இன்னொரு மடல் வந்தது. நைஜீரியப் பொலிஸார் மோசடிக்காரர்களைப் பிடித்துவிட்டதாகவும், இழந்த பணத்தை மீட்டுத்தரச் சிறு கட்டணம் செலுத்தவேண்டும் எனவும் அதில் இருந்தது. ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்து இரண்டாந் தடவை வலை வீசுவது இவர்களின் வழமை. மாஸ்ரர் அதை அச்செடுத்து, அதே கோப்பில் செருகிக்கொண்டு, முதல் பஸ்ஸில் என்னிடம் வந்தார். இம்முறை ஒரு சதமும் கட்டியிருக்கவில்லை.