இந்தப் பிரியத்துக்கு என்ன பேர் வைக்கலாம்? நான் வைக்கிறேன்!

டிஸ்கி: 'இது காதலா' ரசிகப் பெருமக்களே, குறிப்பா அர்னவ் போட்டோவை இன்னும் வால்பேப்பரா வெச்சிருக்கிற மகளிரணியே, ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வந்து படிங்க. ஆட்டோ எல்லாம் அனுப்பக்கூடாது. நானும் உங்க கட்சிதான், பாதி வரைக்கும்.

விஷயம் என்னன்னா, நம்ம தங்கமணி போன வாரம் அந்த சீரியலை முதல்லேருந்து மறுபடி பார்க்க ஆரம்பிச்சாங்க. ஸ்டார் பிளஸ்ல 2011 ஜூன்லேருந்து 2012 நவம்பர் வரைக்கும் 'இஸ் பியார் கோ க்யா நாம் தூன்'னு ஓடி, அப்புறம் விஜய் டிவில தமிழ் பேசி நம்ம ஊர்ப் பொண்ணுங்க தூக்கத்தைக் கெடுத்த அதே சீரியல். நான் ஆணி புடுங்கிட்டே ஓரக்கண்ணால பார்த்தேன். ஓரக்கண்ணு முழுக்கண்ணாச்சு. கொசுவத்தி சுத்தி முடிஞ்சதும் எனக்கு வந்தது கோபம். செம கோபம்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். பருண் சோப்தியும் சனாயா இரானியும் ஒரே ஃப்ரேம்ல நின்னா வசனமே வேணாம். லக்னோவுல ஃபேஷன் ஷோ மேடையிலேருந்து குஷி தவறி விழறா, அர்னவ் தாங்கிப் பிடிக்கிறான். இது எம்.ஜி.ஆர் காலத்துலேருந்து பார்த்துப் பார்த்துப் புளிச்ச சீன். ஆனா அந்த ஆளு பிடிச்ச கையை விடாம, முகத்துல எரிச்சலையும் திகைப்பையும் ஒண்ணா வெச்சிருப்பான் பாருங்க. அந்தப் பொண்ணு பயத்துல மூச்சு விடறதையே மறந்துட்டு நிப்பா. அவ்ளோதான், நம்ம கதை முடிஞ்சுது. ரெண்டு நிமிஷம் சும்மா முறைச்சுப் பார்த்துக்கறதுக்கு நாம அரை மணி நேரம் காத்துக்கிட்டிருந்தோம்.

தமிழ் டப்பிங்ல இன்னொரு வேடிக்கை இருக்கு. அங்க குரல் அவங்களோடது இல்லை. வசனம் அவங்களோடது இல்லை. உதடு ஒரு பக்கம் போகும், தமிழ் ஒரு பக்கம் போகும். அப்படியும் ஊரே உருகிச்சுன்னா மிச்சம் என்ன இருந்துச்சு? கண்ணு. ரெண்டு பேரோட கண்ணு மட்டும்தான். எழுத்தை முழுசா உருவிட்டாலும் நிக்கிற நடிப்பு அது.

சரி, இப்ப சண்டைக்கு வரேன்.

கதைல என்ன நடக்குதுன்னு இசையை ம்யூட்ல போட்டுட்டு யோசிச்சுப் பாருங்க மக்களே. அர்னவோட அக்கா அஞ்சலி. அவ புருஷன் ஷ்யாம் ஒரு ஃபிராடு. கல்யாணம் ஆனதை மறைச்சு குஷி வீட்டுலயே வாடகைக்கு இருந்து, அவளோட நிச்சயதார்த்தம் வரைக்கும் போனவன். அவன் மொட்டை மாடியில குஷியைக் கட்டிப்பிடிச்சுட்டு நிக்கறதை அர்னவ் பார்க்கிறான். உடனே என்ன பண்றான்? நேரா போய்க் கேட்கிறானா? இல்லை. அந்தப் பொண்ணோட அக்கா பாயல் கல்யாணத்தை நிறுத்திடுவேன்னு மிரட்டி, கோயிலுக்கு இழுத்துட்டுப் போய், 6 மாச காண்டிராக்ட்ல தாலி கட்டறான். எதுக்குன்னும் சொல்ல மாட்டான். முதல் ராத்திரி அவ வெளில நீச்சல் குளத்தோரம் தூங்கறா.

இதுக்குப் பேர் காதல் இல்லீங்க. நம்ம தெருவுல ஒருத்தன் இப்படிப் பண்ணினா மகளிர் காவல் நிலையத்துல மனு கொடுப்போம்.

கதையில கெட்டவன் இருக்கக்கூடாதுன்னு நான் சொல்லவே இல்லை. ஹீரோ தப்பு பண்ணட்டும், பெரிய தப்பாவே பண்ணட்டும். பண்ணின தப்புக்கு எழுதறவங்க கணக்கு சொல்லணும். இங்க அந்தக் கணக்கை யார் தீர்த்தா தெரியுமா? பருண் சோப்தி. கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி நின்னு, வெளில படுத்திருக்கிறவளை ஒரு பார்வை பார்ப்பார். குற்ற உணர்ச்சி, ஆசை, தன் மேலயே வெறுப்பு எல்லாம் அதுல இருக்கும். அந்த ஒரு பார்வைல நாம மன்னிச்சுட்டோம். எழுத்தாளர் எழுதாம விட்ட மன்னிப்பை நடிகர் கண்ணாலயே கேட்டுட்டார். அதுக்கப்புறம் எழுதறவங்களுக்கு என்ன வேலை? அடுத்த வாரம் கடத்தலாமா, இல்ல பாட்டு போடலாமான்னு யோசிக்க வேண்டியதுதான். கடத்தினாங்க! அர்னவை ஷ்யாம் கடத்தறான், குஷி போய் மீட்டுட்டு வரா. அவ உயிரைக் காப்பாத்தினதுல அவன் செஞ்சது நேராயிடுச்சாம். அநியாயமா இல்லை?

சனாயாவுக்குப் பண்ணினது இன்னும் மோசம். குஷி எப்படி ஆரம்பிச்சா? வாய் ஓயாது, ஜிலேபி சுடுவா, சல்மான் கான் பைத்தியம், முதலாளியையே 'லாட் கவர்னர்'னு கூப்பிடற தைரியம். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவுல அந்தப் பொண்ணு மாறுற வேகம் அபாரம். அப்பேர்ப்பட்டவளைக் கல்யாணத்துக்கப்புறம் எழுதினவங்க என்ன பண்ணினாங்க? ஒண்ணு அழ விட்டாங்க, இல்லாட்டி கோமாளி ஆக்கினாங்க. கடைசில ஷீத்தல்னு ஒருத்தி, அர்னவ் மாதிரியே முறைக்கிற ஒரு பொடியன், போதாததுக்கு மிசஸ் இந்தியா போட்டி. முடியலடா சாமி!

"தினசரி சீரியல்ல லாஜிக் பார்க்காதீங்க பாஸ்"னு ஒரு குரல் கேட்குது. தங்கமணியும் இதேதான் சொன்னாங்க. வாரத்துக்கு 5 நாள், மொத்தம் கிட்டத்தட்ட 400 எபிசோடு, வாரா வாரம் ரேட்டிங் வந்ததும் கதையை வளைக்கணும். கஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா நான் கேட்கறது லாஜிக் இல்லை, நியாயம். அதே 2011ல பாகிஸ்தான்ல 'ஹம்சஃபர்' வந்துச்சு. ஃபவாத் கான், மாஹிரா கான். அதுவும் ஏறக்குறைய இதே சந்தேகக் கதைதான். பொண்டாட்டியைத் தப்பா நினைச்சு அவன் கைவிடறான். அவ மகளோட இருதய ஆபரேஷனுக்காக மட்டும் வருஷங்கள் கழிச்சு அவன் முன்னாடி வந்து நிக்கிறா. குழைய மாட்டா, கெஞ்ச மாட்டா. அவ எழுதின கடிதத்தைப் பிரிச்சுப் படிக்கும்போதுதான் அவனுக்கு உறைக்கும். 23 எபிசோடு, முடிஞ்சுது. அதுலயும் ஓட்டை இருக்கு, வில்லி மாமியார் கொஞ்சம் ஓவர். ஆனா அழகான ஹீரோங்கறதுக்காக அவனுக்குத் தள்ளுபடி கொடுக்கலை. அவமானப்பட வெச்சாங்க. அங்கயும் முகம் இருந்துச்சு, கூடவே எழுத்தும் இருந்துச்சு.

இங்க முகம் மட்டும்தான்னு நான் சும்மா சொல்லலை, அவங்களே நிரூபிச்சாங்க. 2012ல பருண் விலகப் போறார்னதும் கடையையே மூட வேண்டியதாப் போச்சு. கதைல சரக்கு இருந்திருந்தா ஏன் மூடணும்? சரின்னு 2017ல அதே பேர்ல மூணாவது தடவை எடுத்தாங்க. அதே பருண், ஆனா சனாயா இல்லை. மூணே மாசம் சொச்சத்துல மூட்டை கட்டினாங்க. பேரும் ஒரு ஹீரோவும் இருந்தாப் போதும்னு நினைச்சவங்களுக்கு ஜனங்க சொன்ன பதில் அது. ஆக, ஓடினது அந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்ட பார்வை. கதை சும்மா முதுகுல ஏறி வந்துச்சு.

எழுத்து ஒழுங்கா அமைஞ்சா இந்த ஆள் என்ன பண்ணுவார்னு பின்னாடி தெரிஞ்சுது. 2020ல 'அசுர்', 2023ல 'கோஹ்ரா'. கோஹ்ரால பஞ்சாப் போலீஸ்காரனா வருவார். கோட்டு இல்லை, ஸ்லோ மோஷன் இல்லை, காத்துல பறக்கற துப்பட்டா இல்லை. சாதாரண சட்டையில, சொந்த அண்ணி விஷயத்துல குற்ற உணர்ச்சியோட திரியற ஒரு ஆள். பார்த்துட்டு, அடப்பாவிகளா, இவரை வெச்சுக்கிட்டா வருஷக்கணக்கா "வாட் த..."ன்னு அரை வாக்கியம் பேச வெச்சீங்கன்னு தோணுச்சு. சனாயாவுக்கு அப்படி ஒரு 'கோஹ்ரா' அமையலைங்கறது என் தீராத வருத்தம்.

இதையெல்லாம் நேத்து சாப்பிடும்போது தங்கமணிகிட்ட மூச்சு விடாம சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "எல்லாம் சரிங்க, அவன் உங்களை மாதிரி கத்தாமலே கோபத்தைக் காட்டறான் பாருங்க"ன்னு சொல்லிட்டு ரிமோட்டை எடுத்தாங்க. தீபாவளி எபிசோடு. அவன் கிட்ட வரான், அவ நகரலை, விளக்கு வெளிச்சம்...

நானும் தட்டோட அங்கயே உட்கார்ந்துட்டேன்.