காளையும் கலைத்தரமும்

கலைப்படைப்பின் உயர்வு அது எடுத்துக்கொண்ட பொருளின் உயர்விலேயே தங்கியுள்ளது எனும் கருத்து இன்றும் ஆராய்வின்றி ஏற்கப்பட்டு வருகின்றது. இக்கருத்தினால் உரிய மதிப்பினை இழந்தோருள் ஒல்லாந்து நாட்டின் பரோக் கால ஓவியர் பவுலஸ் பொட்டரும் ஒருவர். மாடுகளையும் ஆடுகளையும் வரைந்த இவரை, கண்டதைக் கண்டவாறு தீட்டிய வெறும் கைவினைஞர் எனக் கூறி ஒதுக்குவோர் உளர். அக்கூற்று சிறிதும் பொருந்தாது.

1625இல் ஓவியர் ஒருவரின் மகனாகப் பிறந்த பொட்டர், 1654இல் 28 வயதிலேயே மறைந்தார். அவரது ‘இளங்காளை’ 1647இல் வரையப்பட்டது. இன்று ஹேக் நகரின் மவுரிற்ஸ்ஹவுஸ் நூதனசாலையில் உள்ளது. அதன் அகலம் ஏறக்குறைய 3.4 மீற்றர்; உயரம் 2.4 மீற்றர். இத்தகு பேரளவு வேதாகம நிகழ்ச்சிகளுக்கும் மன்னர்தம் வெற்றிகளுக்குமே உரியதெனக் கருதப்பட்ட காலம் அது. அவ்விடத்திலே 21 வயது இளைஞர் ஈ மொய்க்கும் காளையொன்றை நிறுத்தினார்.

‘இயற்கையின் நகல்’ என்போர் அக்காளையைக் கூர்ந்து நோக்கினாரல்லர். முதலிற் காளையை மட்டுமே வரையத் தொடங்கிய பொட்டர், பின்னர் ஓவியத்துணியைப் பெருப்பித்து, மரத்தையும் பசுவையும் ஆடுகளையும் மேய்ப்பனையும் சேர்த்தார். காளையின் உறுப்புகளோ வெவ்வேறு வயதுடைய மாடுகளைப் பார்த்து வரைந்து இணைக்கப்பட்டவை என்பர் ஆய்வாளர். எனவே, அக்காளை எந்தப் புல்வெளியிலும் நின்றதன்று; ஓவியரின் சிந்தனையிலே தோன்றியது. தேர்ந்து, இணைத்து, உருவாக்குவது நகலாயின், ஆக்கம் என்பது யாது?

1660களில் பிரெஞ்சுக் கலைக்கழகத்தைச் சார்ந்த பெலிபியன் ஓவியங்களுக்குத் தரவரிசை வகுத்தார். அதில் விலங்கை வரைபவன் மனிதனை வரைபவனுக்குக் கீழானவன். வரலாற்றையும் உருவகத்தையும் தீட்டுபவனே உயர்ந்தவன். இது கலையின் இயல்பிலிருந்து பிறந்த வரிசையன்று. அரசவையின் ஏற்றத்தாழ்வு கலைக்குள் புகுந்ததன் விளைவேயாகும். ஏரிகளை வற்றச்செய்து மேய்ச்சல் நிலம் கண்ட ஒல்லாந்தருக்குக் காளை அற்பப் பொருளன்று, வாழ்வின் ஆதாரம். விலங்கைத் தாழ்த்தி வரிசை வகுத்த அதே நாட்டின் படையினரே 1795இல் அக்காளையைக் கவர்ந்து பாரிசுக்குக் கொண்டு சென்றனர் என்பது வரலாற்றின் நகைமுரண். 1815இலேயே அது தாயகம் மீண்டது.

பொட்டரிடம் குறையே இல்லை என்பதன்று வாதம். அக்காளையின் உறுப்புகள் முற்றாக இசையவில்லை எனலாம், அது திறனாய்வு. காளையை வரைந்தமையாற் கலை தாழ்ந்தது எனல் திறனாய்வன்று. கலையின் பெயரால் பேணப்படும் குலப்பெருமையேயாகும். அதனைக் களைந்தாலன்றிக் கலைத்தரம் பற்றிய நேர்மையான விவாதம் தொடங்கவே இயலாது.