வீட்டு மின்சாரம்: அம்பிளிபையருக்குப் பவர் கொண்டிஷனர் வேண்டுமா?

ஊரில் வோல்ற்றேஜ் ஏறி இறங்கும். ஸ்ரெபிலைசர் இல்லாமல் பாட்டுப் போடவே அஞ்சினோம். அந்தப் பழக்கத்தில் கனடா வந்தும் அம்பிளிபையருக்குப் பவர் கொண்டிஷனர் தேடுகிறோம். இங்கு 120 வோல்ற் பெரும்பாலும் சீராகவே வரும். கொண்டிஷனர் மின்சாரத்தோடு வரும் இரைச்சலை வடிப்பது. பல கொண்டிஷனர்கள் வோல்ற்றேஜைத் திருத்துவதில்லை. பெரிய அம்பிளிபையருக்கு மேளம் அதிரும் கணத்தில் கூடிய கரண்ட் வேண்டும். சிறிய கொண்டிஷனர் அதைக் கட்டுப்படுத்திவிடலாம். ஆகவே சுவர் பிளக்கிலேயே நேரே கொடுப்போம்.

ஓயாத உறுமல் கேட்டால், முதலில் கேபிள் ரீவி வயரைக் கழற்றிப் பார்ப்போம். உறுமல் நின்றால் குறை அந்த இணைப்பிலேதான். உறுமலை நிறுத்தவென்று பிளக்கின் ஏர்த் முனையை மட்டும் வெட்டவே வேண்டாம். பிள்ளைகள் கை வைக்கும் பெட்டி அல்லவா! மிஞ்சும் காசு ஊருக்கு அனுப்ப உதவும்.