ஹோர்முஸ்ல கப்பல் நின்னா ஆதம்பாக்கத்துல அடுப்பு எரியுமா?

இரானுக்குத் தெற்கே ஹோர்முஸ் ஜலசந்தின்னு ஒரு கடல்வழி இருக்கு. ரொம்பக் குறுகலான இடத்துல அகலம் சுமார் 33 கிலோமீட்டர்தான். ஆதம்பாக்கம் கருணீகர் தெருவுல சிலிண்டர் இறக்குற அண்ணனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? நிறையவே இருக்கு பாஸ்.

2025 ஜூன்ல இஸ்ரேல் - இரான் சண்டை 12 நாள் நடந்தப்போ, ஜலசந்தியை மூடலாம்னு இரான் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. கடைசியில மூடலை. ஆனா, அந்த நாள்கள்ல எல்லாரும் பெட்ரோல் விலையைப் பத்தியே பேசினாங்க. போர்னு வந்தா பைக்கைவிட முதல்ல மாட்டுறது அடுப்புதான்.

ஏன்னா, இந்தியாவுல எரியுற சமையல் கேஸ்ல ஏறத்தாழ 60 சதவிகிதம் இறக்குமதி. அதுல பெரும்பகுதி வளைகுடாவுலேருந்து இந்த ஜலசந்தி வழியாத்தான் வருது. கச்சா எண்ணெய்க்காவது விசாகப்பட்டினம், மங்களூரு, படூர்னு மூணு இடத்துல பாறைக்கு அடியில சுமார் 53 லட்சம் டன் சேமிக்க வசதி இருக்கு. கேஸுக்கு? விசாகப்பட்டினத்துல 60,000 டன், மங்களூருல 80,000 டன். நாடு ஒரு நாளைக்குச் செலவழிக்கிறதே சுமார் 85,000 டன். பாட்டிலிங் பிளான்ட் டேங்குகள்ல இருக்குறது தனி. ஆனா, பாறைக்கிடங்கு ரெண்டும் நிரம்பி இருந்தாலும் முழுசா ரெண்டு நாளுக்குத் தாங்காது.

இந்த ஊருக்கு இது புதுசு இல்லை. 1942-ல ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதும், அங்கிருந்து வந்த மண்ணெண்ணெய் நின்னுபோச்சு. பெட்ரோல் தட்டுப்பாட்டுல மெட்ராஸ் பஸ்கள் கரி வாயுவுல ஓடின. 1990-களின் யாழ்ப்பாணம் இன்னும் கொடுமை. பொருளாதாரத் தடையில மண்ணெண்ணெய் விலை பல மடங்கு ஏற, ஜாம் போத்தல்ல துளி எண்ணெயும் சின்னத் திரியும் வெச்சு, அந்த வெளிச்சத்துல பிள்ளைங்க படிச்சாங்க. சொட்டு பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெய்ல மோட்டார் சைக்கிள் ஓட்டினாங்க.

அவங்களுக்கு விறகடுப்பாவது இருந்தது. என்.ஜி.ஓ காலனியில மூணாவது மாடி ஃபிளாட்டுல விறகை எங்கே எரிக்கிறது? பம்ப் ஸ்டவ்வும் திரி ஸ்டவ்வும் எப்பவோ பழைய இரும்புக்குப் போயாச்சு. ‘எங்க வீட்டுல பைப் கேஸ்’னு சிரிக்காதீங்க. நாம வாங்குற எல்.என்.ஜி-யில முதலிடம் கத்தாருக்கு. அந்தக் கப்பலும் ஹோர்முஸ் வழியாத்தான் வரணும்.

சரி, ரேஷன் வந்தா எப்படி வரும்? போரே இல்லாத 2012-லயே ஒரு ஒத்திகை பார்த்தோம். வீட்டுக்கு வருஷத்துக்கு 6 சிலிண்டருக்குத்தான் மானியம்னு அறிவிச்சாங்க. எதிர்ப்பு கிளம்பினதும் 2013-ல 9, 2014-ல 12 ஆச்சு. அப்போ கணக்கு ‘கனெக்‌ஷன்’ வெச்சுத்தான். அடுத்த தடவையும் அப்படித்தான் இருக்கும்னு தோணுது. அங்கேதான் சிக்கல். பேர்ல கனெக்‌ஷனே இல்லாம, பங்க்ல 5 கிலோ சிலிண்டர் வாங்கிச் சமைக்கிற பேச்சுலர்ஸ் எந்தக் கணக்குல வருவாங்க? மெஸ்ல சாப்பிட்டுக்கலாம்னா, தட்டுப்பாட்டுல முதல்ல கை வைக்கிறது கமர்ஷியல் சிலிண்டர்ல. ரெட்டை சிலிண்டர் வீடு சமாளிச்சுக்கும். ஒத்தை சிலிண்டர் வீடு தீர்ந்த அன்னிக்கே தெருவுக்கு வந்துடும்.

அதனால, ஒத்தை சிலிண்டர் வெச்சிருக்குறவங்க டெபாசிட் கட்டி ரெண்டாவதை இப்பவே வாங்கிடுங்க. பதுக்கல் வேணாம், வரிசையில நிக்கிற மத்தவங்களோடதும் அது. கூடவே ஒரு இண்டக்‌ஷன் ஸ்டவ். தினமும் ஒன்றரை யூனிட்னு வெச்சாலும் ரெண்டு மாசத்துக்கு 90 யூனிட். சொந்த மீட்டர் இருந்தா பெருசாத் தெரியாது, மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டாத வரைக்கும். சப்-மீட்டர் வெச்சு ஓனர் சொல்றதுதான் ரேட்டுன்னு இருக்குற வாடகை வீட்டுல, இதை முதல்லயே பேசி வெச்சுக்குறது நல்லது.