பெயரை வெறுத்துப் பயனை விரும்பும் வாக்காளர்

அமெரிக்காவில் மருத்துவக் காப்புறுதிச் சீர்திருத்தம் ஒவ்வொரு தடவையும் கடும் எதிர்ப்பைச் சந்திப்பதற்கு, அந்நாட்டு மக்கள் பழைமைவாதச் சார்புடையவர்கள் என்பதே வழமையாகக் கூறப்படும் காரணமாகும். தம்மைப் பழைமைவாதிகள் எனக் கூறிக்கொள்வோர், தாராளவாதிகள் எனக் கூறிக்கொள்வோரை விட அதிகம் என்பதைக் கருத்துக் கணிப்புகள் நீண்டகாலமாகவே காட்டி வந்துள்ளன. ஆனால், இது பாதி உண்மை மாத்திரமே.

1945 இல் ஜனாதிபதி ட்ரூமன் முன்வைத்த தேசிய சுகாதாரக் காப்புறுதித் திட்டம், 'சோஷலிச மருத்துவம்' என்ற பிரசாரத்தின் முன்னால் நிலைகுலைந்தது. 1993 இல் ஜனாதிபதி கிளின்டன் கொண்டுவந்த திட்டம் மறுவருடம் கைவிடப்பட்டதுடன், அவரது ஜனநாயகக் கட்சி காங்கிரஸின் இரு சபைகளையும் இழந்தது. 2010 மார்ச்சில் ஜனாதிபதி ஒபாமாவின் சட்டமூலம் பிரதிநிதிகள் சபையில் 219 க்கு 212 என்ற வாக்குகளால் நிறைவேறியபோது, குடியரசுக் கட்சியினர் ஒருவரேனும் ஆதரவளிக்கவில்லை. அவ்வருட நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி அச்சபையில் 63 ஆசனங்களைப் பறிகொடுத்தது.

இவற்றை மட்டும் நோக்குபவர்கள், அமெரிக்கர்கள் அரசாங்க உதவியையே விரும்பாதவர்கள் என்று முடிவு செய்யக்கூடும். ஆனால், 1965 இல் ஜனாதிபதி ஜோன்சன் முதியோருக்காக ஆரம்பித்த மெடிகெயர் திட்டத்தை இன்று எந்தக் கட்சியும் வெளிப்படையாக எதிர்க்கத் துணிவதில்லை. சொல்லளவில் பழைமைவாதிகளாகவும் நடைமுறையில் தாராளவாதிகளாகவும் அமெரிக்கர்கள் இருப்பதை லொயிட் ஃப்ரீ, ஹாட்லி கன்ட்ரில் ஆகிய ஆய்வாளர்கள் 1967 இலேயே எடுத்துக்காட்டியிருந்தனர்.

2017 இல் ஒபாமா சட்டத்தின் முக்கிய பகுதிகளை இரத்துச் செய்வதற்கு ஜனாதிபதி ட்ரம்பின் கட்சி மேற்கொண்ட முயற்சி, செனட் சபையில் 51 க்கு 49 என்ற வாக்குகளால் தோல்வி கண்டது. மறுவருடம் ஐடஹோ, நெப்ராஸ்கா, யூட்டா ஆகிய பழைமைவாத மாநிலங்களின் வாக்காளர்கள், வறியோருக்கான மெடிகெய்ட் திட்டத்தை அச்சட்டத்தின் கீழ் விரிவுபடுத்துவதற்குச் சர்வஜன வாக்கெடுப்பில் ஒப்புதல் அளித்தனர்.

அவ்வாறாயின் சீர்திருத்தம் நிறைவேறுவது ஏன் இத்தனை கடினமாகிறது? அமெரிக்கர்களுள் பெரும்பான்மையோர் ஏற்கனவே ஏதோவொரு காப்புறுதியைக் கொண்டுள்ளனர். காப்புறுதியற்றவர் அடையப்போகும் நன்மை நாளைய விடயம். இருப்பதை இழந்துவிடுவோமோ என்ற அச்சமோ இன்றைய விடயம். இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. விரும்பிய காப்புறுதியைத் தொடர்ந்தும் வைத்திருக்கலாம் என ஒபாமா உறுதியளித்திருந்த போதிலும், 2013 இல் பல இலட்சம் பேருக்கு அவர்களது காப்புறுதி இரத்தாகும் என்ற அறிவித்தலே கிடைத்தது.

இந்தப் பாடத்தை எதிர்த்தரப்பினரும் கற்றுள்ளனர். மெடிகெய்ட் செலவினத்தைப் பெருமளவில் குறைக்கும் சட்டம் 2025 ஜூலையில் நிறைவேறியபோது, அதனை முன்வைத்தோர் வெட்டு என்ற சொல்லைத் தவிர்த்து, மோசடிகளையும் வீண்விரயத்தையும் ஒழிப்பதாகவே கூறினர். ஆகவே, போராட்டம் பெரும்பாலும் சொற்களின் மீதே நடைபெறுகின்றது எனலாம்.

ஆனால், நோயாளிக்குச் சொற்கள் மருந்தாவதில்லை. 2023 இல் சுமார் 26 மில்லியன் அமெரிக்கர்கள் எவ்வித காப்புறுதியுமின்றி இருந்தனர். மக்களின் அரசியல் சார்பைக் குறைகூறுவதை விடுத்து, இருப்பது பறிபோகாது என்ற நம்பிக்கையை நேர்மையாக ஏற்படுத்துவதே சீர்திருத்தவாதிகளின் முதற்கடமையாகும். அந்த நம்பிக்கை பிறக்காதவரை, எத்துணை சிறந்த சட்டமும் அடுத்த தேர்தல் வரையிலான ஆயுளையே கொண்டிருக்கும்.